எண் போடாத இரண்டு பலூன்கள்

எங்கள் தெருவில் அவருக்குப் பலூன்காரர் என்றுதான் பெயர். புதிதாகக் குடிவந்த ஒரு பெண் இதைக் கேள்விப்பட்டு, மகன் பிறந்தநாளுக்குச் சிவப்பும் மஞ்சளுமாகப் பலூன் வேண்டும் என்று மாடி ஏறி வந்துவிட்டாள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "எங்கிட்ட வெள்ளைப் பலூன் மட்டும்தாம்மா இருக்கு. ஊத முடியாது, கட்டித் தொங்கவிட முடியாது. படிக்கலாம், அவ்வளவுதான்" என்றார். உள்ளறையிலிருந்து அவர் தங்கை சிரித்த சிரிப்பு கீழே கடைவரை கேட்டிருக்கும்.

படக்கதையில் ஆட்கள் பேசுவதை ஒரு வட்டத்துக்குள் எழுதுவார்கள் அல்லவா, அதற்குத்தான் பலூன் என்று பெயர். ஜப்பான்காரர்கள் வரைந்த படக்கதைகளில் அவர்கள் எழுத்தை வெள்ளை மை வைத்து அழித்துவிட்டு, அதே இடத்தில் தமிழை எழுதுவது அவர் வேலை. அதற்கு முன் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதிக்கொண்டிருந்தவர். கை நடுங்காது. ஒரு கோடு போட்டால் அளவுகோல் வெட்கப்படும்.

அந்தத் தமிழைத் தருகிறவர் தங்கை. கணக்குப் படித்து, ஜப்பானில் ஒரு கம்பெனியில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு, ஒரு பெட்டி நிறையப் புத்தகத்தோடு திரும்பி வந்தவர். எல்லாம் கணக்கைப் பற்றிய கதைகள். படம் இல்லாத நாவலும் உண்டு, படக்கதையும் உண்டு. கணக்கில் கதை என்ன இருக்கிறது என்று நான் ஒருநாள் கேட்டேன். "ஒருத்தருக்கு ஒரு விஷயம் தெரியல. தெரிஞ்சுக்கணும்னு தூக்கம் போயிடுது. அப்புறம் என்ன ஆச்சு? இது கதை இல்லாம வேற என்ன?" என்றார் அக்கா; தங்கையை நான் அப்படித்தான் கூப்பிடுவேன். எனக்கு அது பிரார்த்தனை மாதிரி இருந்தது. அதைச் சொன்னேன். "சரியாச் சொன்னே" என்று தோளில் தட்டினார்.

அண்ணன், தங்கை இரண்டு பேருக்கும் கல்யாணம் கூடிவரவில்லை. வாடகை வீட்டின் மாடியில் இரண்டு அறை. ஒன்றில் பதிப்பகம், ஒன்றில் குடித்தனம். எது எதில் இருக்கிறது என்று சொல்ல முடியாது. அடுப்புக்குப் பக்கத்தில் அகராதி இருக்கும், மேசை மேல் வெங்காயக்கூடை இருக்கும். அச்சகத்திலிருந்து வரும் தாள்களை மடித்து, அடுக்கி, தைத்துக் கட்டுவது நான். ஜப்பான் புத்தகம் வலது பக்கத்திலிருந்து திறக்கும். முதுகு வலப்பக்கம் வரவேண்டும். முதல் புத்தகத்தை நான் வழக்கப்படி இடப்பக்கம் தைத்துவிட்டேன். அட்டை கடைசிக்குப் போய்விட்டது. அக்கா அதை எடுத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, "பரவால்ல, முதுகைக் காட்டிட்டு உக்காந்திருக்கு, கோவிச்சுக்கிட்ட மாப்பிள்ளை மாதிரி" என்றார்.

ஐம்பது வயதிலும் அவர் அண்ணனுக்குப் பாப்பாதான். பாப்பாவுக்கும் அண்ணனுக்கும் தினம் சண்டை நடக்கும். ஜப்பான் எழுத்து மேலிருந்து கீழே இறங்குவதால் அவர்கள் பலூன் எல்லாம் ஒல்லியாக, உயரமாக இருக்கும். நம் வார்த்தைகள் அகலம்.

"அவங்க எழுத்து லிஃப்ட்ல இறங்குற மாதிரி நின்னுக்கிட்டே இறங்குது பாப்பா. நம்ம எழுத்து கைகாலை நீட்டிப் படுக்குது. எங்க படுக்க வைக்கிறது? ரெண்டு வார்த்தையை எடு."

"உன் பலூன் ஒல்லியா இருந்தா என் வாக்கியத்தைப் பட்டினி போடுவியா? பலூனைப் பெருசா வரையேன்."

"படம் வரைஞ்சவன் கையை நான் தொடமாட்டேன். நீ சுருக்கு."

"ஒருநாளாவது என் வாக்கியத்தை முழுசா எழுதினியா நீ?"

அக்கா முணுமுணுத்துக்கொண்டே சுருக்கித் தருவார். அண்ணன் எழுதுவார். அடுத்த பக்கத்தில் மறுபடி ஆரம்பிக்கும். நான் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பேன். அந்தச் சத்தம் இல்லாவிட்டால் எனக்குத் தையல் நேராக வராது.

அவர்கள் வேலை செய்கிற முறை ஒன்று உண்டு. அக்கா வசனங்களைத் தனித்தாளில் ஒன்று, இரண்டு என்று எண் போட்டு எழுதுவார். யார் பேசுகிறார் என்று எழுதமாட்டார், வெறும் எண்தான். பிறகு படத்தில் ஒவ்வொரு பலூன் மேலும் அதே எண்ணைப் பென்சிலால் போட்டுத் தருவார். அண்ணன் எண்ணைப் பார்த்து எழுதிவிட்டு, ரப்பரால் அழித்துவிடுவார். ஜப்பான் கதையில் பக்கம் மட்டுமல்ல, ஒரு கட்டத்துக்குள் இருக்கும் பலூன்களையும் வலமிருந்து இடமாகத்தான் படிக்க வேண்டும். அண்ணனுக்கு அதைப் பற்றிக் கவலையே கிடையாது. "கொஞ்சம் கத்துக்கோ அண்ணா" என்று அக்கா சொன்னால், "நீ நம்பர் போடு, நான் எழுதறேன். நீ இருக்கும்போது எனக்கு எதுக்கு?" என்பார்.

பல வருஷமாக ஒரு தொடர் ஓடிக்கொண்டிருந்தது. சலவைக்கடையில் வேலை செய்யும் ஒரு பெண்ணும், பஸ் ஓட்டும் ஒருவனும் ஒரே கணக்கைப் பிடித்துக்கொண்டு அலைகிறார்கள். அவன் பஸ் கண்ணாடியில் படிந்த ஆவியில் விரலால் எழுதுவான். அவள் சலவைச்சீட்டின் பின்பக்கத்தில் எழுதுவாள். நான் தைக்கும்போதே படித்துவிடுவேன். கணக்கு எனக்கு விளங்காது. அவர்கள் ஒருவரையொருவர் பார்ப்பது விளங்கும்.

கடைசிப் புத்தகம் வந்தது. அதன் கடைசி அத்தியாயத்தில் பேச்சே இல்லை. மழை, பஸ், சலவைக்கடையின் கண்ணாடிக் கதவு. கடைசிப் பக்கத்தில் மட்டும் பெரிய கட்டம் ஒன்று. பஸ் நிறுத்தத்தில் இருவரும் நிற்க, ஆளுக்கு ஒரு பலூன். அவன் வேறு ஊருக்குப் போகிறான். அக்கா அதை எழுதி முடித்த அன்று கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்து தாளை அண்ணன் மேசையில் வைத்தார். "நாளைக்கு நம்பர் போட்டுத் தரேன். இன்னைக்கு முடியல, மனசு ஒரு மாதிரி இருக்கு."

அந்த நாளை வரவில்லை. காலையில் குளியலறையில் விழுந்து கிடந்தார். மூளையில் ரத்தம் அடைத்துக்கொண்டதாம். வலது கை போயிற்று. பேச்சு முழுவதும் போயிற்று. டாக்டர் அண்ணனைத் தனியாக அழைத்து, "படிச்சாங்கன்னா புரியும், சொல்லத்தான் வராது. இதயமும் பலவீனமா இருக்கு. மறுபடி வந்தா தாங்காது. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க, சந்தோஷமா வச்சுக்கங்க" என்றார்.

அண்ணன் அன்றிலிருந்து ஒரே பிடியாக நின்றார். பாப்பா கண்ணை மூடுவதற்குள் கடைசிப் புத்தகம் அவள் கைக்குப் போக வேண்டும். அக்கா உள்ளறையில் படுத்திருக்க, இவர் இந்த அறையில் குனிந்து எழுதிக்கொண்டே இருந்தார். மற்ற அத்தியாயங்களில் எல்லாம் எண் போட்டிருந்தது. மிச்சம் அந்த ஒரு கட்டம்தான். தாளில் ஒன்று, இரண்டு என்று இரண்டு வசனம். படத்தில் இரண்டு பலூன். அவர் கை வழக்கப்படி இடது பக்கம் போயிற்று. இடப்பக்கப் பலூனில் முதல் வசனம், வலப்பக்கப் பலூனில் இரண்டாவது.

அச்சுக்குப் போகும் முன் நான் கேட்டேன். "அக்கா பார்க்காம எந்தப் புத்தகமும் போனதில்லையே அண்ணே. ஒரு தடவை காட்டிடலாமே?"

"ப்ரூஃபைக் காட்டி அவளைக் களைக்க வைக்கணுமா? வார்த்தை எல்லாம் அவளோடது. நான் பார்த்து எழுதறவன்தானே. முழுப் புத்தகமா கையில வைக்கணும்மா. அவ முகத்தைப் பார்க்கணும்."

பாசத்தில் சொன்னார். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. தாள்கள் வந்ததும் முதல் பிரதியை நானே தைத்தேன். தைக்கும்போது ஒவ்வொரு முடிச்சுக்கும் கடவுளைக் கூப்பிட்டேன். அக்கா இதைப் பார்க்கிற வரைக்கும் அவர் கூடவே இரு என்று கேட்டேன். கடவுள் இருந்தார். நான் கேட்டதை அவர் கொடுத்தார். அதற்கு மேல் என்ன கேட்டிருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை.

அக்காவைத் தலையணை வைத்துச் சாய்த்து உட்கார வைத்தோம். அண்ணன் புத்தகத்தை மடியில் வைத்தார். அக்கா இடது கையால் அதைத் தூக்கி முகர்ந்து பார்த்தார். பசை வாசனை அவருக்குப் பிடிக்கும். பிறகு பக்கம் பக்கமாகத் திருப்பினார். வாயின் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது. அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. "மெதுவா பாரு, மெதுவா பாரு" என்று அவரே பக்கத்தைத் திருப்பப் போனார். அக்கா அவர் கையைத் தட்டிவிட்டார். அந்தப் பழைய அதிகாரம் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது.

கடைசிப் பக்கம் வந்தது. சிரிப்பு நின்றது. அக்கா ஆள்காட்டி விரலை வலப்பக்கப் பலூனில் வைத்து, அப்படியே இடப்பக்கப் பலூனுக்கு இழுத்தார். அங்கிருந்து மறுபடி வலப்பக்கம். மறுபடி இடப்பக்கம். தொண்டையில் ஒரு சத்தம் மட்டும் வந்தது.

அண்ணன் முகம் மலர்ந்தது. "கண்டுபிடிச்சிட்டியா? ஆமா பாப்பா, ஒரு எழுத்துகூடச் சுருக்கல. நீ எழுதினது அப்படியே முழுசா இருக்கு. பலூனைத்தான் பெருசா வரைஞ்சேன். எத்தனை வருஷம் கேட்டே!"

அக்கா அவரையே பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பெரிதாக வரைந்திருந்த அந்தப் பலூனின் ஓரத்தை விரலால் ஒருமுறை சுற்றித் தடவினார். விரலை மறுபடி ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோக எடுத்தார். பாதியில் நிறுத்திவிட்டார். புத்தகத்தை மூடி நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு, சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"பிடிக்கலையோ?" என்று அண்ணன் என்னிடம் மெல்லக் கேட்டார். "களைப்பா இருக்கும்" என்றேன்.

அந்த வாரமே அக்கா போய்விட்டார். தூக்கத்திலேயே போனார், கடவுள் புண்ணியத்தில்.

வழக்கமாகப் புத்தகம் எடுக்கும் கடைக்காரர் துக்கம் கேட்க வந்தார். நல்ல மனிதர், எதையும் படித்துவிட்டுத்தான் விற்பார். நாற்காலி நுனியில் உட்கார்ந்து தொப்பியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தவர், பேச ஏதாவது வேண்டும் என்று ஆரம்பித்தார். "கடைசிப் புத்தகம் மனசை ரொம்பக் கஷ்டப்படுத்திருச்சு சார். அந்தப் பொண்ணு 'விடை கிடைக்காமலே போயிட்டா?'ன்னு கேட்டுட்டு மழையில நிக்குது. பதிலே இல்ல, பஸ் போயிடுது. அவன் என்னடான்னா, அவ கேக்கறதுக்கு முன்னாடியே 'தேடினது ரெண்டு பேரும் சேர்ந்துதானே'ன்னு சொல்லிடறான். பதிலை முன்னாடி சொல்லிட்டுக் கேள்வியை அந்தரத்துல விட்டுட்டான். கணக்குக்காரங்க கதை, அப்படித்தான் இருக்குமோ?"

அண்ணன் எழுந்து உள்ளே போனார். அக்கா கட்டிலில் இருந்த புத்தகத்தைக் கொண்டுவந்து கடைசிப் பக்கத்தைத் திறந்தார். வலது பலூனில் விரலை வைத்தார். இடதுக்கு இழுத்தார். மறுபடி வலதுக்கு. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

கேட்டவன் வலப்பக்கம் நிற்கும் பஸ்காரன். விடை கிடைக்காமலே போயிட்டா என்று அவன் மனம் உடைந்து கேட்கிறான். தேடினது ரெண்டு பேரும் சேர்ந்துதானே என்று அவள் ஆறுதல் சொல்லி அனுப்பி வைக்கிறாள். அக்கா அழுதுகொண்டே எழுதியது அதைத்தான்.

"இதைத்தான் சொன்னா. ஒரு விரலை வச்சுக்கிட்டு எவ்வளவு தடவை சொன்னா. நான் பலூன் பெருமை பேசினேன்" என்றார் அண்ணன். கடைக்காரர் பதறிப்போய், நான் ஒன்றும் தப்பாகச் சொல்லவில்லையே என்று என்னைப் பார்த்தார். அவருக்குத் தேநீர் கொடுத்து அனுப்பி வைத்தேன்.

மறுநாள் கடைகளுக்குப் போன பிரதிகளைத் திருப்பி வாங்கினோம். விற்றது விற்றதுதான். மீதி எல்லாவற்றுக்கும் அண்ணன் இரண்டு பலூனையும் சரியாக எழுதி, சின்ன ஒட்டுத்தாள்களாக அச்சடித்தார். நான் வெட்டிக் கொடுக்க, அவர் ஒவ்வொன்றாகப் பசை தடவி ஒட்டினார். சண்டை இல்லாத அறையில் கத்தரிக்கோல் சத்தம் மட்டும் கேட்டது. இடையில் ஒருதரம் கை நின்றது.

"கோவத்துலயா திரும்பிக்கிட்டா?"

"அக்காவுக்குக் கோவம் வந்தா புத்தகம் பறக்கும் அண்ணே. நெஞ்சு மேல வச்சுக்கிட்டாங்களே."

"அப்ப ஏன் திரும்பிக்கிட்டா?"

நானும் கடவுளிடம் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அண்ணன் சந்தோஷம் கெட வேண்டாம் என்று அக்கா விட்டுவிட்டாரா, இல்லை, இனி சொல்லிப் பயனில்லை என்று சோர்ந்துவிட்டாரா.  அடுத்த ஒட்டை வெட்ட ஆரம்பித்தேன்.

கடைசியாக மேசையில் அக்காவின் பிரதி இருந்தது. நான் ஒட்டை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. பென்சிலைத் தேடி எடுத்தார். அக்காவின் பென்சில், பின்பக்கம் கடித்திருக்கும். வலப்பக்கப் பலூன் மேல் ஒன்று என்று எழுதினார். இடப்பக்கத்தில் இரண்டு. எண் கோணலாக விழுந்தது. எழுதி முடித்தபின் பழக்கத்தில் ரப்பரைக் கையில் எடுத்தார். கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பிறகு டப்பாவில் போட்டு மூடிவிட்டார்.