மூன்றாவது கூம்பு

நாகஜோதி டீச்சருக்குத் தப்பு வராது. இதை அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் வீட்டில் குழம்புக்கு உப்புப் பத்தவில்லை என்று யாராவது சொல்லிப் பார்க்கட்டும், அன்றைக்குப் பொழுது சாயும்வரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். பட்டாளத்திலிருந்து லீவில் வரும் அவள் வீட்டுக்காரர் விஜயபாண்டி, "ஏட்டி, எல்லையில நிக்கதுகூட லேசு, ஒன்கிட்ட வாதாட நம்மளால ஏலாது" என்று கும்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவப் போய்விடுவார்.

அவளையும் ஒரேயடியாகக் குற்றம் சொல்லிவிட முடியாது. ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்து, ஆசிரியர் பயிற்சி முடித்து, அரசு வேலை கிடைக்காமல் ராஜபாளையத்தில் ஒரு தனியார் பள்ளியில் சொற்பச் சம்பளத்துக்கு வருசக்கணக்காக மாரடித்தவள். அங்கே டீச்சர் வாயில் ஒரு விடை பிசகினால் மறுநாளே ஏதாவது ஒரு தகப்பன் ஆபீஸ் ரூமில் வந்து உட்கார்ந்திருப்பான். தகுதித் தேர்வில் வழுக்கி வழுக்கி ஏறி, மம்சாபுரம் பக்கத்தில் ஓர் அரசு நடுநிலைப் பள்ளிக்கு வந்து சேர்ந்த பிறகும் அந்தப் பயம் அவளை விட்டுப் போகவில்லை. இங்கே தகப்பன்மார் வருவதில்லை. டீச்சர் சொன்னால் வேதவாக்கு என்று பிள்ளைகள் நம்பினார்கள். அந்த நம்பிக்கைதான் அவளுக்கு நகை, நட்டு, எல்லாம்.

பாடம் நடத்துவதில் கெட்டிக்காரி, அதைச் சொல்லியாக வேண்டும். பால்கோவா வந்த அட்டைப் பெட்டியை மடிப்புப் பிரித்து மேசையில் விரித்துப் போடுவாள். ஆறு பக்கமும் மல்லாந்து கிடக்கும். "இது புறப்பரப்பு. சட்டைக்கு எம்புட்டுத் துணி வேணுங்கிற கணக்கு" என்பாள். மறுபடி மடித்து, உள்ளே சின்னச் சின்ன மரக்கட்டைகளை அடுக்கி, "இது கன அளவு. வயித்துக்கு எம்புட்டுச் சோறு பிடிக்குங்கிற கணக்கு. துணியக் கேட்டா சோத்த அளக்காதீக" என்பாள். எட்டாம் வகுப்பு சிரிக்கும். சிரித்த பாடம் மறக்காது.

வட்டாரக் கல்வி அலுவலர் ஹெப்சிபா மேடம் பள்ளியைப் பார்க்க வருகிறார் என்று தலைமை ஆசிரியர் பால்ச்சாமி சார் சொன்னதும் வந்தது வினை. "டீச்சர், ஏதாச்சும் புதுசா செஞ்சு காட்டுங்க. நம்ம பள்ளிக்கூடத்துப் பேரு ஒங்க கையில இருக்கு" என்று ஏற்றிவிட்டார். பெட்டியோடு நின்றிருக்கலாம். கூம்பின் கன அளவு பத்தாம் வகுப்புச் சமாச்சாரம், எட்டாம் வகுப்புக்கு அது தேவையே இல்லை. ஆனால் ஆசை யாரை விட்டது? மேடம் புருவத்தை உயர்த்தி "யாரு இந்த டீச்சர்?" என்று கேட்கவேண்டும் என்று இருந்தது அவளுக்கு.

சார்ட் அட்டையில் பதினைந்து சென்டிமீட்டர் உயரத்துக்கு ஓர் உருளை செய்தாள். அதே அகல வாயோடு, வட்ட அட்டையைப் பதினைந்து ஆரத்துக்கு வெட்டிச் சுருட்டி ஒரு கூம்பும் செய்தாள். ஊற்றிப் பார்க்க நேரமில்லை. பார்க்காமலே தெரிந்ததுதானே என்ற தெம்பு வேறு.

மேடம் வருவதற்கு முந்தின நாள் வகுப்பில் ஒத்திகை. "ரெண்டுக்கும் ஒரே வாய், ஒரே உயரம். இந்தக் கூம்புல மூணு தடவ அரிசி ஊத்துனா உருளை விளிம்பு தட்டி நிக்கும். ஒரு அரிசி கூடாது, ஒரு அரிசி கொறையாது. பாருங்க!"

முதல் கூம்பை நிரப்பி, ஸ்கேலால் தலை வழித்து ஊற்றினாள். இரண்டாவதும் அப்படியே. ஊற்றிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தாள். இன்னும் ஒரு கூம்பு விழுந்தாலும் ஒரு விரற்கடை குறையும். பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு பார்க்கிறார்கள். என்ன செய்தாள்? மூன்றாவது கூம்பைக் கும்பமாகக் குவித்தாள். சிந்தாமல் இடது கையை அணை கொடுத்துச் சட்டென்று கவிழ்த்தாள். உருளை விளிம்பு தட்டி நின்றது. வகுப்பு கைதட்டியது.

மாரிச்செல்வி மட்டும் தட்டவில்லை. கணக்கில் அந்த வகுப்புக்கே முதல் பிள்ளை அவள். அறுப்புக்குப் போகிற அவள் அம்மா மாரியாத்தாளுக்கு இன்றைக்கும் ஒன்றிரண்டு களத்தில் கூலியை நெல்லாக அளப்பதுண்டு. தலை வழிக்கிறார்களா, கும்பமாக விடுகிறார்களா என்று பக்கத்தில் நின்று பார்த்துப் பழகிய கண் மாரிச்செல்விக்கு. கையைத் தூக்கினாள்.

"டீச்சர், மொத ரெண்டையும் ஸ்கேல வச்சு வழிச்சீங்க. மூணாவத வழிக்கலையே. கும்பமால்ல இருந்துச்சு."

பிள்ளை சூதுவாது இல்லாமல்தான் கேட்டது. நாகஜோதிக்கு முகத்தில் ரத்தம் ஜிவ்வென்று ஏறியது. ஆமாம் தாயி, கவனிக்கவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். நாக்கில் சனி அல்லவா உட்கார்ந்திருந்தது.

"கணக்கப் பாருன்னா அரிசியவே பாத்துக்கிட்டு இருக்கியாக்கும்? ஏன், ஒங்க வீட்ல ஒல வைக்கலையோ?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. மாரிச்செல்வி உட்கார்ந்துவிட்டாள். சாயங்காலம் மணி அடிக்கும்வரை அவள் தலை நிமிரவே இல்லை.

வீட்டுக்கு வந்த நாகஜோதி செருப்பைக்கூடக் கழற்றாமல் கூம்பை எடுத்து, உள்ளே ஸ்கேலைச் செங்குத்தாக விட்டாள். உயரம் பதினாலுகூட வரவில்லை. அவள் வெட்டிய பதினைந்து சரிவுக்குப் போய்விட்டது. உள்ளே உயரம் குட்டையாகிவிட்டது. சாயுயரத்துக்கும் உயரத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் வெட்டியிருக்கிறாள்! பெரிய அட்டையாக வெட்டி வேறு கூம்பு செய்து, சமையல் அரிசியைத் தலை வழித்து மூன்று முறை ஊற்றினாள். அச்சாக நிரம்பியது.

முதலில் அப்பாடா என்றுதான் இருந்தது. பிறகு அந்தப் பிள்ளையின் குனிந்த தலை நினைவுக்கு வந்தது. அவள் சொன்னது அச்சு அசல் சரி. அதற்குப் பரிசாக நான் அவள் வீட்டு அடுப்பை இழுத்தேனே என்று நாகஜோதிக்கு உடம்பே கூசியது. கூசி என்ன? காலையில் சத்தமில்லாமல் கூம்பை மாற்றிவிடலாம், யாருக்குத் தெரியப்போகிறது என்றுதான் புத்தி போயிற்று. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற புத்தி.

மறுநாள் மேடம் வந்தார். நல்ல மனுசி, சிரித்த முகம். நாகஜோதி கூம்பைக் கையில் எடுத்ததும், "நீங்க இருங்க டீச்சர், ஒரு பிள்ளை செய்யட்டும்" என்றார். பால்ச்சாமி சார் முந்திக்கொண்டு, "மாரிச்செல்வி, நீ வா" என்று கூப்பிட்டுவிட்டார்.

அவள் வந்தாள். முதல் கூம்பை வழித்து ஊற்றினாள். இரண்டாவதையும் வழித்து ஊற்றினாள். மூன்றாவதை நிரப்பிவிட்டு ஒரு நொடி நாகஜோதியைப் பார்த்தாள். ஸ்கேலைத் தொடவில்லை. அரிசியை மேலே மேலே அள்ளி வைத்துக் கும்பமாக்கி, நேற்று டீச்சர் செய்தது போலவே இடது கையை அணை கொடுத்து ஒரே கவிழ்ப்பாகக் கவிழ்த்தாள்.

ஆனால் இது ராத்திரி செய்த சரியான கூம்பு. உருளை நிரம்பி வழிந்து, மேசையெல்லாம், தரையெல்லாம் அரிசி. பின்பெஞ்சில் சிரிப்பு வெடித்தது.

"ஏட்டி, மானத்த வாங்கிட்டியே!" என்றார் பால்ச்சாமி சார்.

"மொத ரெண்டையும் அழகா வழிச்சியேம்மா, இதுக்கு மட்டும் என்ன அவசரம்?" என்றார் மேடம்.

மாரிச்செல்வி சிந்திய அரிசியை அள்ளக் குனிந்தாள். நாகஜோதிக்கு விளங்கிவிட்டது. பெரிய மனுசர்களுக்கு முன்னால் டீச்சர் கணக்கு பொய்த்துவிடக் கூடாது என்று பிள்ளை தனக்காகக் கள்ள அளவு அளந்திருக்கிறாள்! அந்த இடத்திலேயே பூமி பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்றிருந்தது.

"மேடம், அவ மேல தப்பில்ல" என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. மறுபடி உரக்கச் சொன்னாள். "நேத்து நான் வெட்டுன கூம்பு அளவு கொறஞ்சு போச்சு. கும்பமா வச்சு நாந்தான் ஒப்பேத்துனேன். இவ அப்பமே கண்டுபிடிச்சுச் சொன்னா."

"அட, யானைக்கும் அடி சறுக்கும் டீச்சர். பிள்ளைக முன்னால ஒத்துக்கிட்டீங்களே, அதுதான் பெருசு" என்று மேடம் கைதட்டினார். பிள்ளைகளும் தட்டினார்கள். அந்தச் சத்தம் நாகஜோதிக்குக் காதில் அறைந்தது போலிருந்தது. உலைப் பேச்சை அவள் சொல்லவில்லையே. பாதியைச் சொல்லி முழுசுக்கும் மெச்சல் வாங்கிக்கொண்டாள்.

மாரிச்செல்வி தரையில் உட்கார்ந்து அரிசியைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தாள். மேடத்தை வழியனுப்பப் போன பால்ச்சாமி சார், "விடு தாயி, நெல்லக் கொட்டுனா அள்ளிரலாம்" என்று சொல்லிக்கொண்டே போனார். அந்தச் சொலவடையின் மீதிப் பாதியை அவர் சொல்லவில்லை. நாகஜோதிக்கு அது தெரியும்.

பிள்ளைகள் மத்தியானச் சாப்பாட்டுக்கு ஓடிய பிறகு, அவளும் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். கூடச் சேர்ந்து அள்ளினாள்.

"மாரிச்செல்வி, நேத்து ஒன்னய ஒரு பேச்சுப் பேசிட்டேன். ஒல வைக்கலையான்னு. பேசக்கூடாத பேச்சு. மன்னிச்சிரு தாயி."

மாரிச்செல்வி வாசலைத் திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை என்று தெரிந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அம்மாவுக்கு மேலுக்கு முடியல டீச்சர், படுத்த படுக்கையாக் கெடக்கு. அதான் ஒல வைக்கல. நான் ஒருத்தர்ட்டயும் மூச்சு விடலையே. ஒங்ககிட்ட யாரு டீச்சர் சொன்னா?"

நாகஜோதி கையிலிருந்த அரிசியைக் கீழே போட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினாள்.

"யாரும் சொல்லல தாயி" என்றாள். "எனக்குத் தெரியாது. தெரியாமத்தான் சொன்னேன்."

பிள்ளை அதை நம்பியதாகத் தெரியவில்லை. டீச்சருக்குத் தெரியாதது உண்டா என்ன? "ஒங்களுக்குத் தெரியும்னு அம்மாட்ட மட்டும் சொல்லிராதீங்க டீச்சர்" என்று கெஞ்சினாள்.