நான் போனால் ஹேங் ஆகாத கம்ப்யூட்டர்

விமானம் தரையிறங்கும் நேரம் பார்த்துக் கம்ப்யூட்டர் ஹேங் ஆகிறது என்பதுதான் புகார். கொடுத்தவர் மயிலாப்பூரில் இருந்த ஒரு ரிட்டயர்டு கணக்கு வாத்தியார். விமானம், அவர் சாயங்காலங்களில் விளையாடிய கேமில் வருவது. மிஷின் எங்கள் கடையுடையது. அசெம்பிள் செய்தவன் நான்.

தொண்ணூறுகளின் கடைசி. தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் எங்கள் கடை இருந்தது. ஸ்க்ரூ டிரைவரைப் பேனா மாதிரி சட்டைப் பையில் செருகிக்கொண்டு திரிந்த வயது எனக்கு. ஹார்டுவேர் பற்றிக் கிடைத்த தடிப் புத்தகங்களை எல்லாம் படித்திருந்தேன். ஆகவே எந்த மிஷினையும் பார்ப்பதற்கு முன்பே கோளாறு என்ன என்று சொல்லிவிடுவேன். பார்த்த பிறகுதான் கொஞ்சம் தடுமாறும்.

ஓனர் தனசேகர் என்னைக் கூப்பிட்டார்.

“இன்னா நைனா, வாத்தியார் ஊட்டு மிஷின் மறுபடியும் புட்டுக்கிச்சாமே?”

“விண்டோஸை புதுசா போட்டுட்டு வந்தேனே சார்.”

“நீ போட்டது கெடக்கட்டும். அவரு ஸ்கூல் கமிட்டில கீறாரு, தெரியுமில்ல? லேப் மொத்தமும் நம்மகிட்ட எடுக்கலாம்னு சொல்லிக்கினு கீறாரு. இந்த ஒரு மிஷின் ஓடலன்னா அந்த ஆர்டர் நிக்காது. ஆர்டர் நிக்கலன்னா நீயும் இங்க நிக்க வேணாம்.”

விஷயம் இதுதான்: வாத்தியார் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் புதிதாகக் கம்ப்யூட்டர் லேப் வரப்போகிறது. யாரிடம் வாங்குவது என்று கமிட்டி முடிவு செய்யும். வீட்டில் ஒரு மிஷினையே ஓடவைக்க முடியாத கடையைக் கமிட்டியில் அவர் எப்படிச் சிபாரிசு செய்வார்? ஆக, அவருடைய விமானம் பத்திரமாக இறங்கினால்தான் என் வேலை தங்கும்.

எந்த வீட்டுக்குப் போவதானாலும் போன் செய்துவிட்டுத்தான் போகவேண்டும் என்பது எங்கள் கடைச் சட்டம். செய்துவிட்டுப் போனேன். வாத்தியார் வாசலிலேயே நின்றார்.

“வாப்பா. இப்போ பாரு, பரம சாதுவா இருக்கும். நீ தெருமுனை தாண்டணும், அவ்வளவுதான், படுத்துக்கும்.”

அவர் மனைவி கமலா மாமி உள்ளிருந்தே சேர்ந்துகொண்டார். “இந்த வயசுல ஏரோப்ளேன் ஓட்டிண்டு! லெட்டர் டைப் அடிச்சா ஒண்ணும் ஆறதில்லை. விளையாடினா மட்டும் நின்னுபோறது. மிஷினுக்கே பிடிக்கலைங்கறேன்.”

அறை துடைத்து வைத்த மாதிரி இருந்தது. கம்ப்யூட்டர் பளபளவென்று உட்கார்ந்திருந்தது. கேமைப் போட்டேன். பறந்தது, இறங்கியது, மறுபடி பறந்தது. ஹேங் ஆகவில்லை. இருந்தாலும் சும்மா திரும்பக் கூடாது என்று ரேம் மாற்றினேன். டிஸ்ப்ளே கார்டின் டிரைவரை மாற்றினேன். மாமி கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, “இனிமே வராது சார்” என்று சொல்லிவிட்டு வந்தேன். நான் கடைக்கு வந்து சேருவதற்குள் போன் வந்திருந்தது.

அடுத்த முறை மிஷினையே ஆட்டோவில் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தேன். நாள் முழுக்க அந்த கேமை ஓடவிட்டோம். கடையில் இருந்த எல்லோரும் ஆளுக்கொரு முறை விமானம் ஓட்டினார்கள். ஓனர் ஓட்டியபோது விமானம் நேராகக் கடலுக்குள் போனது. மிஷின் மட்டும் ஹேங் ஆகவில்லை. “சூப்பரா கீது, எடுத்துக்கினு போ” என்றார். திருப்பிக் கொடுத்த அன்று சாயங்காலமே படுத்துவிட்டது.

பிறகு வோல்டேஜைச் சந்தேகப்பட்டேன். எர்த்தைச் சந்தேகப்பட்டேன். கடையிலிருந்து வேறு யூபிஎஸ் கொண்டுபோய் வைத்துப் பார்த்தேன். நான் இருக்கும்வரை விமானம் சொன்னபடி இறங்கியது. என் முகத்தில் ஏதோ தெய்விகக் களை இருக்கிறது என்று நானே நம்பத் தொடங்கினேன். வாத்தியார் ஒரு படி மேலே போய், “நீ பேசாம இங்கேயே தங்கிடேன்” என்றார்.

கமிட்டி கூடும் நாள் வந்துவிட்டது. சாயங்காலம் மீட்டிங். காலையில் போன் அடித்தால் லைன் இல்லை. வடிகாலுக்காகத் தெருவைத் தோண்டியவர்கள் கேபிளையும் சேர்த்துத் தோண்டியிருந்தார்கள். வேறு வழியில்லாமல், சொல்லாமல் கொள்ளாமல் போனேன்.

கதவு திறந்திருந்தது. வாத்தியார் விமானத்தில் இருந்தார். நான் பார்த்தது அவரை அல்ல. கம்ப்யூட்டர் உடை உடுத்தியிருந்தது. மெரூன் நிற வெல்வெட்டில், ஓரத்தில் லேஸ் வைத்துத் தைத்த உறை. முன்பக்கம் ஃப்ளாப்பி போடவும் பட்டன் அழுத்தவும் கச்சிதமாக ஒரு ஜன்னல். பின்பக்கம் மேலிருந்து கீழ்வரை முழுத்துணி, அடியில் எலாஸ்டிக். ஒயர்கள் மட்டும் ஒரு சின்ன ஓட்டை வழியாக வெளியே வந்தன.

அந்தத் துணி எனக்குப் புதிதல்ல. போன ஒவ்வொரு தடவையும் பக்கத்து நாற்காலியில் மடித்து வைத்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். டீப்பாய் விரிப்பு என்று நினைத்து அதன்மேல் என் டூல் பையைக்கூட வைத்திருக்கிறேன்.

“இதோ, இறங்கப்போறேன்” என்றார் வாத்தியார். விமானம் ரன்வேக்கு மேலே அப்படியே நின்றது. மௌஸ் நகரவில்லை. உறைக்குள் கைவிட்டேன். இட்லிப் பானை மூடியைத் தொட்டதுபோல் வெடுக்கென்று எடுத்துக்கொண்டேன்.

அதற்குள் மாமி ஓடிவந்தார். “அடடா, சொல்லிண்டு வரப்படாதோ! எல்லாம் போட்டது போட்டபடி கிடக்கே!” என்றபடி முதல் வேலையாக உறையைக் கழற்றி மடிக்க ஆரம்பித்தார்.

“மாமி, நான் வரும்போதெல்லாம் இதைக் கழட்டிடுவீங்களா?”

“பின்னே? டாக்டர் ஆத்துக்கு வந்தா போர்வையை விலக்கிட்டுத்தானே காட்டுவா?”

நான் விளக்கினேன். கடிதம் அடிக்கும்போது ப்ராசஸர் பாதி நேரம் தூங்குகிறது. கேம் ஓடும்போது அதற்கு ஒரு நொடி ஓய்வில்லை, கொதிக்கும். அந்தச் சூட்டைப் பின்னாலிருக்கும் ஃபேன் வெளியே தள்ளும். வெல்வெட் அதை உள்ளேயே திருப்பி அனுப்பிவிடும்.

மாமியின் முகம் சுருங்கியது. “தூசி பட்டா மிஷின் போயிடும்னு உங்க முதலாளிதான் சொல்லிட்டுப் போனார்.”

உண்மைதான். டெலிவரி கொடுத்த அன்று ஓனர் மூன்று முறை சொன்னார். மாமி துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போனதும் வாத்தியார் என் காதருகில் குனிந்தார்.

“ஏம்பா, கேம்லதான் தப்புன்னு சொல்லிடேன். நான் விளையாடறதை விட்டுடறேன். அதைத் தைக்கறதுக்கு அவ எத்தனை நாள் உக்காந்தா தெரியுமா?”

“சார், கேம் மேல பழியைப் போட்டா லேப்லயும் எல்லாத்துக்கும் உறை தைச்சுடுவாங்க. அங்க பசங்க டைப் மட்டுமா அடிப்பாங்க?”

மாமி உறையோடு திரும்பி வந்தார். “துணிதான் காரணம்னு நீ சொல்றே. நேக்குத் தெரியணும். முதல்ல இது இல்லாம ஓட்டுங்கோ.”

வாத்தியார் ஓட்டினார். மாமி எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார். விமானம் இறங்கியது. மறுபடி ஏறி, மறுபடி இறங்கியது. வெகுநேரம் கழித்து, “போறும், இப்போ போத்தறேன்” என்று எழுந்தார். உறை ஏறியது. விமானமும் ஏறியது. இறங்கவில்லை. நின்றுவிட்டது. உறையைக் கழற்றி, மிஷினை ஆறவிட்டு, இன்னொரு தடவை ஓட்டச் சொன்னார். இறங்கியது.

இத்தனை நாள் ரேமையும் டிரைவரையும் யூபிஎஸ்ஸையும் மாற்றிக்கொண்டிருந்த நான் செய்யாத வேலை அது: கோளாறை வேண்டுமென்றே வரவழைப்பது, போகவைப்பது, திரும்ப வரவழைப்பது. மாமி அதைச் செய்துவிட்டுத் தையல் மிஷின் டிராயரைத் திறந்து கத்தரிக்கோலை எடுத்தார்.

“பின்னாடி எவ்வளவு வெட்டணும்? அளவு சொல்லு.”

“ஓடும்போது போடவே கூடாது மாமி. ஆஃப் பண்ணி ஆறின பிறகு போடுங்க.”

“மறந்துபோய்ப் போட்டுட்டா? வெட்டியே வெச்சுடறேன்.” வெட்டினார். ஓரத்தில் லேஸும் வைத்துத் தைத்தார்.

சாயங்காலம் வாத்தியார் கமிட்டியில் எங்கள் கடையைச் சிபாரிசு செய்தார். மிஷின் எதனால் நின்றது, எப்படி நிரூபணமானது என்பதைப் பாடமாகவே நடத்தினாராம். ஆர்டர் வந்தது. லேபுக்கு உறை தைக்கும் பொறுப்பை மாமி தானே ஏற்றுக்கொண்டார். லேப் திறந்த அன்று ஓனர் ஒவ்வொரு மிஷினின் பின்னாலும் போய்ப் பார்த்துவிட்டு என்னிடம் குசுகுசுத்தார்: “இன்னா நைனா, கல்யாண ஊட்டு ஜாக்கெட் கணக்கா முதுகு தொறந்து கீது?”

என் வேலை தங்கியது. அதன்பின் எத்தனையோ வீடுகள், ஆபீஸ்கள். எங்கே போனாலும் கம்ப்யூட்டர் பெட்டியைத் திறப்பதற்கு முன் ஒரு கேள்வி கேட்கிறேன்: “நான் வர்றேன்னு இங்கேயிருந்து என்னத்தை எடுத்து வெச்சீங்க?”

“ஒண்ணுமில்லையே சார்” என்பார்கள். நான் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருப்பேன். கொஞ்ச நேரத்தில் ஒருவர் உள்ளே போய், அதை எடுத்துக்கொண்டு வருவார்.