ஜன்னலுக்கு ஒரு ஓட்டு

சில வருடங்களுக்கு முன் நடந்த சட்டமன்றத் தேர்தலில், ஓட்டு எண்ணும் நாளன்று நடந்தது இது. எனக்கு ஊர் ராஜபாளையம் பக்கம், தொகுதி ஸ்ரீவில்லிபுத்தூர். மோட்டார்களுக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். கடையைத் தவிர எனக்கு இருந்த ஒரே பைத்தியம் கட்சி. எந்தக் கட்சி என்பதை விடுங்கள்; மீசை முளைத்த நாளிலிருந்து ஒரே சின்னம், அவ்வளவுதான். தேர்தல் வந்துவிட்டால் கழற்றிப் போட்ட மோட்டார்கள் கடையில் கிடக்கும், நான் தெருவில் கிடப்பேன்.

என் மனைவிக்கு இந்தப் பைத்தியம் கிடையாது. கல்யாணமான நாளிலிருந்து யாருக்கு ஓட்டுப் போட்டாள் என்று ஒரு தேர்தலிலும் என்னிடம் சொன்னதில்லை. கெஞ்சிப் பார்த்திருக்கிறேன், மிரட்டியும் பார்த்திருக்கிறேன். "அதெல்லாம் வெளிய சொல்லப்படாதுங்க" என்று சிரித்துக்கொண்டே அடுப்படிக்குள் போய்விடுவாள். சந்தைக்குப் போனாலும் அவள் வழி தனி வழிதான். எல்லோரும் பொறுக்கி எடுத்துவிட்டுப் போன பிறகு, யாரோ ஒருத்தியின் கூடையில் வாடிக் கிடக்கும் கடைசிக் கீரைக்கட்டைத் தேடிப் போய் வாங்குவாள். கேட்டால், "நாமளும் வாங்கலைன்னா அதை யாரு வாங்குவா?" என்பாள். அந்தக் கீரையைச் சாப்பிட்டுக்கொண்டே அவளைத் திட்டுவது எனக்கு வாடிக்கை.

அந்தத் தேர்தலுக்கு ஒரு வருடம் முன்பிருந்தே அவளுக்கு இதயத்தில் கோளாறு. ஸ்ரீவில்லிபுத்தூர் அரசு ஆஸ்பத்திரிக்கு மாதாமாதம் பஸ்ஸில் போய் மாத்திரை வாங்கி வருவாள். நான் கூடப் போன நாட்களைவிட அவள் தனியாகப் போன நாட்கள்தான் அதிகம்.

பிரச்சாரம் சூடாக நடந்துகொண்டிருந்த சமயம், ஒருநாள் மதியம் சாப்பிட வீட்டுக்கு வந்தேன். "இன்னைக்கு ஒரு வேட்பாளர் நம்ம தெருவுக்கு வந்தாவ" என்றாள். சுயேச்சையாம். ஸ்ரீவில்லிபுத்தூரில் சின்னதாக ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவராம். கூட ஒரு ஆள்கூட இல்லாமல், பழைய மொபெட்டில் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு, தானே ஓட்டி, தானே பேசிக்கொண்டு வந்திருக்கிறார். சின்னம் ஜன்னல். ஜெயித்தால் என்ன செய்வாராம் என்று கேட்டேன். ஆஸ்பத்திரி பஸ் ஸ்டாப்பில் நிழலுக்கு ஒரு கூரை போடுவாராம்.

"அம்புட்டுதானா?" என்று நான் சிரித்தேன்.

"அங்கன வெயில்ல நின்னு பாத்தாத்தான் தெரியும்" என்றாள். பேசிப் பேசி அவருக்குத் தொண்டை கட்டிவிட்டதால், கூப்பிட்டு ஒரு சொம்பு மோர் கொடுத்தாளாம். "பாவம்ங்க. நம்ம பூத்துல ஒரு ஓட்டாவது விழணும்ல அவியளுக்கு."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "ஏட்டி, ஓட்டை வீணாக்கிப் போடாத. ஜெயிக்கிற ஆளுக்குப் போடு, சொல்லிட்டேன்" என்றேன். அவள் என் தட்டில் இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றினாள்.

ஓட்டுப் போடும் நாளில் ஆட்டோ பிடிக்கிறேன் என்றேன், கேட்கவில்லை. வழியில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு நடந்தே வந்தாள். போட்டுவிட்டு வெளியே வந்து மை வைத்த விரலைக் காட்டினாள். "யாருக்குட்டி?" என்றேன், வழக்கம்போல. அவளும் வழக்கம்போலச் சிரித்தாள்.

ஓட்டுப் போட்ட நாளுக்கும் எண்ணும் நாளுக்கும் நடுவில், ஒரு விடிகாலையில் அவள் போய்விட்டாள். தூக்கத்திலேயே போய்விட்டாள். கடைசியாக அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, விரலில் அந்த மை இன்னும் அழியாமல் இருந்தது.

எண்ணிக்கைக்குப் போகும் மனநிலையில் நான் இல்லை. ஆனால் ஏஜெண்டாக என் பெயரை முன்பே கொடுத்திருந்தார்கள். வீட்டுக்குள் தனியாகக் கிடந்தால் மனசு இன்னும் கெட்டுப்போகும் என்று சொல்லிக் கட்சிக்காரர்கள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள்.

எண்ணும் இடம் ஒரு கல்லூரி. செல்போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். உள்ளே வரிசையாக மேசைகள், நடுவில் கம்பிவலை. வலைக்கு அந்தப் பக்கம் ஊழியர்கள், இந்தப் பக்கம் எங்களைப் போன்ற ஏஜெண்டுகள். ஒவ்வொரு பூத்தின் இயந்திரமாக மேசைக்கு வரும். சீல் உடையாமல் இருக்கிறதா என்று எங்களுக்குக் காட்டிவிட்டுப் பொத்தானை அழுத்துவார்கள். எந்த வேட்பாளருக்கு எத்தனை ஓட்டு என்று சின்னத் திரையில் வரிசையாக வரும், நாங்கள் எழுதிக்கொள்வோம். ஒரு சுற்று முடிந்ததும் மைக்கில் சொல்லிவிட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றுவார்கள். கோயம்புத்தூரில் இருக்கும் என் மகள் அதைச் செத்த நேரத்தில் தன் போனில் பார்த்துவிடுவாள்.

எங்கள் பூத்தின் இயந்திரம் நான் உட்கார்ந்திருந்த மேசைக்கே வந்தது.  அவளுடைய கடைசி ஓட்டு அதற்குள்தான் இருக்கிறது. பொத்தானை அழுத்தினார்கள். திரையில் ஒன்றும் வரவில்லை. மறுபடி அழுத்தினார்கள். எஞ்சினியர் வந்து பேட்டரியை மாற்றினார். அப்போதும் திரை இருட்டாகவே இருந்தது. தினமும் மோட்டார்களோடு மல்லுக்கட்டுகிற எனக்கு, அவர் முகத்தைப் பார்த்ததுமே விஷயம் புரிந்துவிட்டது. மேசைக்குப் பொறுப்பாக இருந்த அதிகாரி அம்மா, அதை ஓரமாக எடுத்து வைக்கச் சொன்னார்.

"பொறவு எண்ணிருவீயள்லா மேடம்?" என்று கேட்டேன்.

அவர் பொறுமையாக விளக்கினார். ஓட்டுப் போடும்போது கண்ணாடிக்குள் சில நொடி தெரிந்துவிட்டு ஒரு சீட்டு விழுமே, அந்தச் சீட்டுகள் தனிப் பெட்டியில் பத்திரமாக இருக்கின்றன. எல்லாச் சுற்றும் முடிந்த பிறகு, முதல் இரண்டு பேருக்கும் உள்ள வித்தியாசம் இந்தப் பூத்தில் பதிவான ஓட்டைவிடக் குறைவாக இருந்தால் அவற்றை எண்ணுவார்கள். வித்தியாசம் அதிகமாக இருந்தால் எண்ணினாலும் முடிவு மாறாது என்பதால் அப்படியே விட்டுவிடுவார்கள்.

"விட்டுருவீயளா?"

"விதிமுறை அப்படித்தான் சார்."

அவர் மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வீணாக்கிப் போடாதே என்று நான்தான் அவளிடம் சொன்னேன். மூச்சு வாங்க வாங்க நடந்து வந்து அவள் போட்ட ஓட்டு, இப்போது யாரும் பார்க்காமலே வீணாகப் போகப்போகிறது.

அந்த நேரத்தில் எங்கள் கட்சி இரண்டாயிரத்துக்கும் மேல் முன்னிலையில் இருந்தது. எங்கள் பூத்தில் விழுந்ததோ எழுநூற்றுச் சொச்சம். கட்சிக்காரனாக நான் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? கண்ணை மூடி, எங்கள் முன்னிலை குறைய வேண்டும் என்று ஆண்டாளை வேண்டிக்கொண்டேன். தோற்க வேண்டாம் தாயே, குறைந்தால் மட்டும் போதும் என்று சேர்த்துச் சொல்லிக்கொண்டேன். கட்சிப் பாசமும் முழுதாக விட்டுப் போகவில்லை பாருங்கள்.

ஆண்டாள் கேட்டாளோ என்னவோ, அடுத்தடுத்த சுற்றுகளில் எங்கள் முன்னிலை சரிந்துகொண்டே வந்தது. "மாப்ள, என்னடா இப்படி எறங்குது" என்று எங்கள் ஆட்கள் தலையில் கைவைத்தார்கள். நானும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டேன். உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. கடைசிச் சுற்று முடிந்து மைக்கில் சொன்னார்கள். வித்தியாசம் ஐநூறுக்கும் கீழே. எங்கள் பக்கம் ஒரே அமைதி. நான் மட்டும் "அப்பாடா" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். பக்கத்தில் இருந்தவன் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

சீட்டுப் பெட்டி வந்தது. கம்பிவலை அடித்த தனித் தடுப்புக்குள் வைத்து அதைத் திறந்தார்கள். சின்னச் சின்னக் காகிதங்கள் குவியலாக விழுந்தன. ஒவ்வொன்றாக எடுத்து, எங்களுக்குக் காட்டி, சின்னத்தைச் சொல்லி, அந்தந்தச் சின்னத்துக்கென்று பெட்டியில் தடுத்திருந்த அறையில் போட்டார்கள். எங்கள் அறை நிறைந்தது. எதிரணியின் அறையும் நிறைந்தது. மற்ற சுயேச்சைகளுக்குக்கூட ஏதோ விழுந்தது. ஜன்னல் அறை மட்டும் காலியாகவே இருந்தது. குவியல் கரையக் கரைய எனக்கு மனசு தாங்கவில்லை. ஒருவேளை என் பேச்சைக் கேட்டு எங்கள் சின்னத்துக்கே போட்டிருப்பாளோ? அப்படி நினைத்தபோது எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். அழுகைதான் வந்தது.

குவியல் அடியில் போய்விட்ட சமயத்தில் அந்த ஊழியர் ஒரு சீட்டைத் தூக்கிப் பிடித்து, "ஜன்னல்" என்றார்.

"யாருப்பா அந்த ஒத்த ஆளு?" என்று எதிரணி ஏஜெண்ட் கேட்டார். இறுக்கமாக நின்றுகொண்டிருந்த எல்லோரும் சிரித்துவிட்டார்கள். என் பக்கத்தில் நின்றிருந்த ஒல்லியான மனிதர் மட்டும் சிரிக்கவில்லை. வலையைப் பிடித்துக்கொண்டு அந்தச் சீட்டையே பார்த்தபடி, "அந்த அக்காதான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அப்போதுதான் அவர் சட்டையில் குத்தியிருந்த அட்டையைப் பார்த்தேன். வேட்பாளர் என்று போட்டிருந்தது.

"எந்த அக்கா?" என்று கேட்டேன்.

"இந்தப் பூத்துப் பக்கம் ஓட்டுக் கேட்டுப் போனப்ப ஒரு அக்கா கூப்பிட்டு மோர் குடுத்தாவ, அண்ணாச்சி. ஆஸ்பத்திரி பஸ் ஸ்டாப்பு வெயிலு எனக்கும் தெரியும்னு சொன்னாவ. அவியளை விட்டா எனக்கு யாரு போடுவா?"

 "அவ எம் வீட்டுக்காரிதான்" என்றேன்.

அவர் முகம் அப்படி மலர்ந்தது. "அப்படியா? அவிய நல்லாருக்காவளா? ஒருநா நன்றி சொல்ல வாரேன்னு சொல்லுங்க" என்றார். என் முகத்தைப் பார்த்ததும் அத்தோடு நிறுத்திவிட்டார். வேறொன்றும் கேட்காமல் என் கையைப் பிடித்துக்கொண்டார். எங்களைச் சுற்றி ஒரே கூச்சல். நாங்கள் சொற்ப ஓட்டில் ஜெயித்துவிட்டோம் என்று யாரோ என் முதுகில் தட்டிவிட்டு ஓடினார்கள். நாங்கள் இரண்டு பேரும் வலைக்குப் பக்கத்தில் அப்படியே நின்றோம்.

வெளியே வந்து போனை வாங்கியதும் மகள் கூப்பிட்டாள். "ஜெயிச்சிட்டியளாப்பா?" என்றாள். "அம்மா ஓட்டை எண்ணிட்டாங்க தாயி" என்றேன். நடந்ததை முழுவதும் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு பேரும் அழுதுவிட்டோம்.

அந்தச் சீட்டில் பெயர் கிடையாது. அது அவளுடையதுதான் என்று யாராலும் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஆனாலும் அவளோடு அத்தனை வருடம் குடும்பம் நடத்தியவன் நான். வாடிய கீரைக்கட்டு யார் கைக்கு வரும் என்று எனக்குத் தெரியாதா?

அடுத்த வாரம் எங்கள் சட்டமன்ற உறுப்பினர் மாலையும் மேளமுமாகத் திறந்த ஜீப்பில் நன்றி சொல்ல வந்தார். தெருமுனையிலேயே கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார், அவருக்கு ஆயிரம் தெரு. மறுநாள் வாசலில் மொபெட் சத்தம் கேட்டது. ஒலிபெருக்கியைக் கழற்றிவிட்டு, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் ஜன்னல்காரர் நின்றிருந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, அவள் படத்துக்கு முன்னால் நின்று, வாக்காளரைக் கும்பிடுவதுபோலவே கும்பிட்டார். "ஓட்டுப் போட்டதுக்கு ரொம்ப நன்றிக்கா" என்றார்.

வெயிலில் வந்தவரை வெறும் வாயோடு அனுப்ப மனசில்லை. நானே அடுப்படிக்குள் போய் மோர் கரைத்துக்கொண்டு வந்தேன். என் வாழ்நாளில் நான் கரைத்த முதல் மோர் அது. அவர் குடித்து முடித்த பிறகு சொம்பில் மிச்சம் இருந்ததை நான் வாயில் ஊற்றிப் பார்த்தேன். ஒரே உப்பு.

"உப்பு கூடிப்போச்சே தம்பி, சொல்லியிருக்கலாம்ல?"

"இல்ல அண்ணாச்சி. சரியாத்தான் இருந்துச்சு" என்றார்.

இப்போதெல்லாம் சந்தையில் கடைசியாகக் கிடக்கும் வாடிய கீரைக்கட்டை நான்தான் வாங்குகிறேன். எது வீண், எது வீணில்லை என்று அவளோடு நான் இன்னும் பேசி முடிக்கவில்லை என்றுதான் ஒவ்வொரு தடவையும் தோன்றுகிறது.