ம்மா தெபோகோவுக்கு வேலை கிடைத்தது

தொழிலாளர் அதிகாரி உள்ளே வந்தபோது, பணிப்பெண் சிதாபிலே, கிழவி தெபோகோவின் பாதங்களுக்கு வாஸ்லின் தேய்த்துக்கொண்டிருந்தாள். போட்ஸ்வானாவின் பிரான்சிஸ்டவுன் முதியோர் இல்லத்தில் சிதாபிலே ஒருத்திதான் ஜிம்பாப்வேக்காரி. வெளிநாட்டு ஆளை வைத்திருந்தால் அவரிடம் உள்ளூர் ஆள் ஒருவர் வேலை பழக வேண்டும், இல்லாவிட்டால் வேலை அனுமதியைப் புதுப்பிக்க மாட்டார்கள் என்பது புதுச் சட்டம். பழக வந்த பெண்கள் மலச்சட்டியைப் பார்த்ததுமே ஓடிவிட்டார்கள்.

"பழகுற ஆள் எங்க, ம்மா?" என்று அதிகாரி கேட்டார். வந்தவர்கள் யாரும் நிற்கவில்லை என்றாள் இல்லத்தை நடத்தும் பொனோலோ. இனி ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று நினைத்தாள் சிதாபிலே.

"ஏன், நான் உள்ளூர் இல்லையா?" என்றாள் தெபோகோ.

"நீங்க இங்க தங்கியிருக்கிறவங்களாச்சே, ம்மா!" என்றார் அதிகாரி.

"தங்குனா வேலை செய்யக் கூடாதா? முட்டிதான் போச்சு, கை நல்லாத்தான் இருக்கு. உங்கம்மா கல்யாணத்துக்குச் சோள பீர் காய்ச்சுனது இந்தக் கைதான்!"

அதிகாரி விழுந்து விழுந்து சிரித்தார். "சட்டத்துல வயசு போடல. நாளைக்கு வந்து பாப்பேன்."

மறுநாள் காலை தெபோகோ ஏப்ரன் கட்டிக்கொண்டு, சிதாபிலே சொல்லச் சொல்லப் பக்கத்துக் கட்டில் கிழவருக்குக் கூழ் ஊட்டினாள்.

"மெதுவா ஊட்டு! இது தொண்டையா, கிணறா?" என்றார் கிழவர்.

"வாயத் தொறய்யா. என் பொழப்புல மண்ணப் போடாத."

வாசலில் நின்று பார்த்த அதிகாரி, சிதாபிலேயின் அனுமதியைப் புதுப்பிக்கச் சொல்வதாகக் கூறிவிட்டு, தனக்கும் ஒரு கிண்ணம் கூழ் கேட்டார்.