பாப்பாவின் உயரம்

திருவான்மியூரில் என் டிபன் கடை முன்னால் இன்று வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. அஞ்சாவதுகூட முடிக்காதவள் மூன்று கடை நடத்துகிறாளே என்று பேங்க் மேனேஜரே எழுந்து நின்று வணக்கம் சொல்கிறார். யார் முன்னாலும் எனக்குக் கால் நடுங்கியதில்லை. ஒரே ஒரு தடவை, மந்தைவெளியில் ஒரு வீட்டில் நடுங்கியது.

அப்போது எங்கள் குடிசை அடையாற்றங்கரையில் இருந்தது. வருஷத்துக்கு ஒருமுறை டீச்சரம்மாவும் அவர் வீட்டுக்காரர் சாரும் வந்து தெரு முழுக்கச் சாப்பாடு போடுவார்கள். காய்ச்சலில் செத்துப்போன அவர்களுடைய ஒரே மகளின் பிறந்தநாள் அது. பேர் சொல்லமாட்டார்கள், பாப்பா என்பார்கள். கன்னியாகப் போன பிள்ளை வீட்டுக்குத் தெய்வம் அல்லவா, புதுத்துணி எடுத்துப் படைக்க வேண்டும். பாப்பா உயிரோடு இருந்தால் அந்த வருஷம் என்ன வயசோ, அந்த வயசுப் பெண் ஒருத்தியை எங்கள் தெருவிலிருந்து மந்தைவெளியில் அவர்கள் வீட்டுக்குக் கூட்டிப்போய், குளிப்பாட்டி, படைத்த துணியை உடுத்துவார்கள். அவள் முதல் வாய் சாப்பிட்ட பிறகுதான் தெருவுக்கு இலை விழும்.

அந்த வருஷத்துப் பெண் நான்.

அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "செத்த புள்ளைக்கு எடுத்த துணி. அது எம்பொண்ணக் கூட்டிக்கினு பூடும்."

அத்தை சிரித்தாள். "கூட்டிக்கினு போனா இன்னா? இவ வாய்க்கு, பொழுது சாயறதுக்குள்ள அதுவே கொண்டாந்து வுட்டுட்டு ஓடிடும்."

எனக்குப் பயமே இல்லை. பச்சைப் பட்டுப் பாவாடை என்று காதில் விழுந்துவிட்டது.

அந்த வீட்டில் மின்விசிறிச் சத்தம்கூட இல்லை. எண்ணெய் தேய்த்துவிடும்போது டீச்சரம்மா கேட்டார், "போன வருஷம் சீயக்காய் கண்ணுல பட்டு அழுதியே, ஞாபகம் இருக்கா?" போன வருஷம் வந்தவள் எங்கள் எதிர்வீட்டுப் பெண். அழுதது அவளாக இருக்கும். இருக்கு என்று தலையாட்டினேன். வேறென்ன செய்ய, பாவாடை இன்னும் கைக்கு வரவில்லையே.

உடுத்தி முடித்ததும் சாமி அறைக் கதவு நிலையில் என்னை முதுகு ஒட்டி நிற்கவைத்தார்கள். மரத்தில் குங்குமப் பொட்டுகள் ஒன்றுக்கு மேல் ஒன்றாக ஏறிப்போயின. பிறந்தநாளுக்குப் பிறந்தநாள் பாப்பா எவ்வளவு உயரம் என்று வைத்தவை. எந்தப் பொட்டோடு அவள் உயிர் போனது என்று பார்த்துச் சொல்ல முடியாது. செத்த பிறகும் வளர்ந்துகொண்டே இருந்தாள்.

என் தலை கடைசிப் பொட்டுக்குக் கீழே நின்றது.

விரலில் எடுத்த குங்குமத்தோடு டீச்சரம்மா அப்படியே நின்றார். "என்னங்க, பாப்பா ஏன் குறைஞ்சுபோயிட்டா?"

அந்தக் குரலைக் கேட்டபோதுதான் முதுகுக்குப் பின்னால் மரம் சில்லென்று இருப்பது தெரிந்தது. வாசலில் சோற்று அண்டாக்கள் வண்டியில் ஏறிக் காத்திருந்தன. பாப்பா வளராவிட்டால் இலை விழாது, தெருவே பட்டினி, பாவாடையையும் உருவிக்கொண்டுதான் அனுப்புவார்கள் என்று நினைத்தேன். சார் குனிந்து, பாவாடை மடிப்பைச் சரிசெய்வதுபோல், "எக்கி நில்லும்மா" என்றார், மூச்சோடு மூச்சாக. முதுகில் அவர் கை என் காலைவிட அதிகமாக நடுங்கியது.

எக்கினேன். தலை பொட்டைத் தாண்டியது.

டீச்சரம்மா உட்கார்ந்து, பாவாடை விளிம்பை விரலால் தூக்கி என் குதிகாலைப் பார்த்தார். எனக்குக் கால் விரல்கள் வலிக்க ஆரம்பிக்கும்வரை பார்த்தார். பிறகு எழுந்து என் தலைக்கு நேராகப் பொட்டு வைத்தார். "வளந்துட்டா" என்றார். சார் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தெரு சாப்பிட்டது. அடுத்த வாரத்திலிருந்து தினமும் காலையில் எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லாருக்கும் பாலும் முட்டையும் கொண்டுவந்து கொடுத்தார்கள். பாப்பா கொடுக்கச் சொன்னாள் என்று சார் சொல்வார். அதற்கப்புறம் எந்தப் பெண்ணையும் அந்த வீட்டுக்குக் கூட்டிப்போகவில்லை.

பட்டுப் பாவாடையில் என்னைப் பார்த்த கண்ணுக்கு வேறொருத்தி பிடிக்குமா என்று தெருவெல்லாம் அளந்துவிட்டேன். முதல் டம்ளர் எனக்குத்தான் என்று தினமும் சண்டை போட்டேன். ஊற்றும்போது டீச்சரம்மா என் முகத்தைப் பார்த்ததே இல்லை, குதிகாலைத்தான் பார்ப்பார். செருப்பு வாங்கித் தரப்போகிறார் என்று நானும் ரொம்ப நாள் காத்திருந்தேன்.