முப்பத்திநாலும் அறுபத்தொன்றும்

ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு ‘மறுபடி அக்கா’ என்று பெயர். முடிவில் கொஞ்சம் சந்தேகம் வந்தாலும் "மறுபடி ஓட்டு" என்பாள். பத்தொன்பது வருஷமாக இதே பல்லவி. கூட வேலை பார்ப்பவர்கள் முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள். ஆனால் சொந்த வீட்டு ரத்தம் என்றால் அவள் மேஜைக்குத்தான் அனுப்புவார்கள்.

அன்று காலை வந்தது அவள் வீட்டு ரத்தம். தம்பி மனைவிக்கு முப்பத்தோராவது வாரம்; ரத்த அழுத்தம் லேசாக ஏறியிருந்தது. கர்ப்பத்தில் அழுத்தம் எகிறித் தாயையும் பிள்ளையையும் படுத்தும் நோய் வருமா என்று பார்க்க, நஞ்சுக்கொடியிலிருந்து ரத்தத்துக்கு வரும் இரண்டு புரதங்களின் விகிதத்தை அளப்பார்கள். எண் ஏறினால் கவலை. போன வாரம் வீட்டுப் பக்கத்து லேபில் முப்பத்திநாலு. இன்று இவள் கருவியில் அறுபத்தொன்று.

மறுபடி ஓட்டினாள். அதே அறுபத்தொன்று. தம்பியைப் போனில் கூப்பிட்டாள்.

"ஒரே வாரத்துல கிட்டத்தட்ட ரெண்டு மடங்குடா. பையை எடுத்துக்கிட்டு வந்துடு."

அரைமணி நேரத்தில் இருவரும் வராந்தாவில் நின்றார்கள். தம்பி கையில் ஊர் மாறிப் போகிற அளவுக்கு மூட்டை.

"அண்ணி, இப்பவே குழந்தையை எடுத்துடுவாங்களா? ஒண்ணரைக் கிலோதானே இருக்கும்?" என்றாள் தம்பி மனைவி.

அக்கா டாக்டரிடம் காட்டப் பழைய ரிப்போர்ட்டை வாங்கினாள். எண்ணுக்குக் கீழே, பொடி எழுத்தில், கருவியின் பெயர். வேறு கம்பெனி.

"நான்தான் தப்புப் பண்ணிட்டேன். ரெண்டும் வேற வேற மிஷின். இந்த டெஸ்ட்டுல ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி எண் குடுக்கும், எல்லையும் தனித்தனி. சேர்த்து வச்சுப் பார்க்கவே கூடாது. புதுசா வர்றவங்களுக்கு முதல் நாளே இதைத்தான் சொல்வேன்."

"அப்ப அறுபத்தொண்ணு நல்லதாக்கா, கெட்டதா?" என்றான் தம்பி.

"எங்க மிஷின் கணக்குக்கு எல்லைக்குள்ளதான். ஏறுதான்னுதான் தெரியணும்."

தம்பி வீட்டுப் பக்கத்து லேபுக்குப் போன் செய்தாள். மிச்ச ரத்தநீரை அவர்கள் ஏழு நாள் உறையவைத்து வைப்பார்கள். இன்று ஆறாவது நாள். தம்பி மூட்டையை வராந்தாவிலேயே போட்டுவிட்டு ஓடினான். ஐஸ் பெட்டியில் வந்த சின்னக் குழாயையும் இன்றைய குழாயையும் ஒரே கருவியில், ஒரே ஓட்டத்தில் வைத்தாள்.

போன வாரத்தது ஐம்பத்தெட்டு. இன்றையது அறுபத்தொன்று.

டாக்டர் எண்ணை மட்டும் பார்க்கவில்லை. அழுத்தம், சிறுநீர், ஸ்கேன் எல்லாம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இன்னைக்கு அவசரம் இல்ல. வாரம் ரெண்டு தடவை வாங்க. தலைவலி வந்தாலோ, கண்ணு மங்கினாலோ, மேல்வயிறு வலிச்சாலோ அந்த நிமிஷமே வரணும். இனிமே ஒரே லேப்."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்ததும் தம்பி மனைவி அவள் தோளில் சாய்ந்தாள்.

"திட்டிடும்மா, மனசாரத் திட்டிடு" என்றாள் அக்கா.

"திட்டமாட்டேன். பிரசவத்துக்குப் பத்து நாள் லீவு போட்டு எங்க வீட்டுல இருக்கணும். அதான் தண்டனை."

"பத்து நாள் போதுமா?" என்று கேட்டு, அக்கா அவள் முடியைக் காதோரம் ஒதுக்கிவிட்டாள்.