மிஞ்சியதில் ஒன்று

மொரப்பூரில் எங்களுக்கு ஒரு ரெடிமேட் கடை இருந்தது. அப்பா, அம்மா, நான். சம்பளத்துக்கு ஆள் கிடையாது. பள்ளிக்கூடம் விட்டதும் யூனிஃபார்மோடு போய், வந்தவர்கள் கலைத்துப் போட்ட துணிகளை மடித்து வைப்பேன். அது எனக்குப் பிடித்திருக்கிறதா என்று யாரும் கேட்டதில்லை. நானும் யோசித்ததில்லை.

தீபாவளிக்கு எங்கள் வீட்டில் ஒரு சட்டம். கடை ஷட்டரை இறக்கும்போது எது மிஞ்சுகிறதோ அதுதான் எனக்கு. வருஷா வருஷம் யாருக்கும் பிடிக்காத நிறத்தில், யாருக்கும் சேராத அளவில் ஒன்றை மாட்டிக்கொண்டு பட்டாசு வெடித்தேன். ஒரே ஒரு தடவையாவது முதலில் நானே ஒன்றை எடுக்க வேண்டும் என்று ஆசை. துணிக்கடைக்காரர் மகளுக்கு இப்படி ஒரு ஆசை என்று வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

ஏழாவது படிக்கும்போது மயில் நீலத்தில் ஒரு சுடிதார் வந்தது. நான் அதைப் பார்த்த பார்வையை அம்மா கவனித்துவிட்டாள். தீபாவளிக்கு முந்தின நாள் காலையிலேயே அதன் கழுத்தோரத்தில் மஞ்சள் வைத்துவிட்டாள். மஞ்சள் வைத்துவிட்டால் அது உடுத்தப்போகிறவளுடையது, இனி விற்க முடியாது என்பது அவள் கணக்கு.

மத்தியானம் ஒரு அம்மாள் மகளோடு வந்து, மற்றதையெல்லாம் ஒதுக்கிவிட்டு அதையே எடுத்தார்.

"இதென்னங்க கறை?"

அப்பா கொஞ்சமும் யோசிக்கவில்லை. "கறையில்லீங்க, மஞ்சள். நல்ல நாளும் அதுவுமா நாங்களே வெச்சுக் குடுத்துடறோம். பாப்பா வூட்டுக்குப் போயி அப்படியே போட்டுக்கலாம்."

அந்த அம்மாளுக்கு ரொம்பத் திருப்தி. கவரில் போட்டுக் கொடுத்தது நான். அழுகை வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. அம்மா அன்று முழுக்க அப்பாவிடம் பேசவில்லை. எனக்கோ அவர் மேல் கோபம்கூட இல்லை. உள்ளே ஏதோ மரத்துப்போயிருந்தது. அதற்குப் பிறகு எந்தத் துணியையும் நான் ஆசையாகப் பார்க்கவில்லை.

நான் கல்லூரிக்குப் போவதற்குள் ஜனங்கள் துணி எடுக்க சேலத்துக்கு ரயிலேறிவிட்டார்கள். மீதிப் பேர் போனில் ஆர்டர் போட்டார்கள். பொங்கலோடு கடையைக் காலி செய்வதென்று முடிவாகியிருந்தது. அந்தக் கடைசித் தீபாவளிக்கு முந்தின நாள் மத்தியானம் வரை உள்ளே வந்தது ஒரே ஒருவர். அவரும் பஸ் எப்போது என்று கேட்கத்தான் வந்தார்.

அப்பா திடீரென்று எழுந்து, வாடிக்கையாளர் உட்காரும் ஸ்டூலைக் காட்டினார்.

"உக்காரும்மா. உனக்கு எது வேணுமோ எடுத்துக்க. மொதல்ல நீ எடு."

சின்ன வயதில் நான் ஏங்கியது இதற்குத்தான். ஆனால் எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. கைக்கு எட்டிய ஒன்றைத் தொட்டு, "இது போதும்ப்பா" என்றேன்.

அவர் கேட்கவில்லை. மேல்தட்டிலிருந்து கட்டுக் கட்டாக இறக்கி, ஒவ்வொன்றாகப் பிரித்துக் கண்ணாடி மேஜை மேல் விரித்தார். "இதப் பாரு, சாயம் போவாது. இது புது மாடல். உன் நெறத்துக்கு எடுப்பா இருக்கும்." காலையிலிருந்து யாரிடமும் சொல்லக் கிடைக்காத பேச்சு. அம்மா எழுந்து வாசலில் போய் நின்றுகொண்டாள்.

இன்னொன்றை விரித்துவிட்டு அப்பா என் முகத்தையே பார்த்தார். நான் அந்தத் துணியை விரலால் தடவிப் பார்த்தேன்.

"இதுல வேற கலர் இருக்குங்களா?" என்றேன்.